கோலும் பஞ்சும்: ஒப்பனைக் கையின் வரலாறு

பேரரசுகளுக்கு வரலாறு உண்டு. போர்க்களங்களுக்கு வரலாறு உண்டு. அன்றாடம் நம் கையில் தவழும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எளிதில் நினைப்பதில்லை. நிலைக்கண்ணாடியின் முன் ஒரு சிறு புட்டியில் செருகி வைத்திருக்கும் பஞ்சுக் குச்சி அத்தகைய பொருள்களுள் ஒன்று. கண்மை கலைந்தால் துடைக்கவும், உதட்டுச் சாயத்தின் ஓரத்தைச் சீர்செய்யவும், பொட்டு வட்டமாக அமையாதவிடத்துத் திருத்தவும் நம் இல்லத்துப் பெண்கள் எடுக்கும் குச்சி அது. 'இயர் பட்ஸ்' என்ற பெயரால் கடைக்காரர் அதைத் தருகிறார். ஆயினும் அக்குச்சியின் இரண்டு உறுப்புகளாகிய கோலும் பஞ்சும் தமிழர்க்குப் புதியவை அல்ல. அவற்றை ஏந்திய கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு, வேற்றூரில் வந்து வேர்விட்ட நம்மைப் போன்றோர்க்கு மிக நெருங்கிய ஒரு வழக்கில், இந்த மும்பை நகரை மையமாகக் கொண்ட ஒரு வழக்கில், வந்து நிற்கிறது. அதனை முறையாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் எழுதிய கோல்

கண்ணுக்கு மையிடுவதைப் பண்டைத் தமிழர் 'எழுதுதல்' என்றே வழங்கினர். மை எழுதும் சிறு கோலுக்கு எழுதுகோல் என்று பெயர். ஏட்டில் எழுதும் கருவிக்கும் அதே பெயர் என்பது எண்ணியெண்ணி மகிழத்தக்கது. திருவள்ளுவர் இக்கோலை நன்கு அறிந்தவர். புணர்ச்சி விதும்பல் என்னும் அதிகாரத்தில் 1285ஆம் குறளில், மை எழுதும்போது கோல் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் கண் அதனைக் காண்பதில்லை என்னும் நுட்பத்தை உவமையாக்குகிறார். அருகில் இல்லாதபோது கணவனின் குறைகளையெல்லாம் எண்ணியிருந்த தலைவி, அவனை நேரில் கண்டதும் ஒரு குறையையும் காணாள். 1127ஆம் குறளிலோ, காதலர் கண்ணுள்ளேயே இருப்பதால், அவர் மறைவாரோ என்று அஞ்சி மையும் எழுதமாட்டேன் என்கிறாள் ஒருத்தி. இவை இரண்டும் பெண்ணின் கூற்றுகள். தன் கண்ணைத் தானே எழுதிப் பழகியவளின் அனுபவம் அவற்றில் பேசுகிறது.

இலக்கியத்தில் மட்டுமன்று, மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. சிந்துவெளி நகரங்களில் செம்பாலான மைக்கோல்கள் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டு அகழாய்வுகளிலும் செம்பாலான அஞ்சனக்கோல்கள் வெளிப்பட்டுள்ளன. இருமுனையும் மழுங்கிய மெல்லிய கோல் அது. கூராக இருந்தால் கண்ணைக் குத்தும். தடித்திருந்தால் கோடு சிதையும். இன்றைய பஞ்சுக் குச்சியின் அளவையும் வடிவையும் அதனோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு, தேவை மாறாதவிடத்துக் கருவியும் பெரிதாக மாறுவதில்லை என்பது விளங்கும்.

நம் பாட்டிமார் காலத்தில் கண்மை கடையில் வாங்கும் பொருளன்று. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து எண்ணெயில் குழைப்பார்கள். சவ்வரிசியைக் கருக வறுத்து நீர்விட்டுக் காய்ச்சிச் சாந்துப் பொட்டுக்கான குழம்பு செய்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி உலர வைப்பார்கள். வேண்டும்போது ஒரு சொட்டு நீர்விட்டுக் குழைத்துக் குச்சியால் இடுவார்கள். கை நடுங்கிக் கோடு பிசகினால், ஈர்க்குச்சியின் நுனியில் சிறிது பஞ்சைச் சுற்றி எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். பஞ்சுக் குச்சி தொழிற்சாலையில் பிறக்கும் முன்னரே நம் வீட்டு முற்றத்தில் பிறந்துவிட்டது எனலாம்.

செம்பஞ்சு

கோல் கண்ணுக்கு, பஞ்சு பாதத்திற்கு. அரக்கிலிருந்து எடுத்த செஞ்சாயத்தைப் பஞ்சில் தோய்த்துப் பாதங்களில் ஒற்றி ஊட்டுவது பழைய வழக்கம். செம்பஞ்சுக் குழம்பு என்னும் பெயரே அந்தச் செய்முறையைச் சொல்லிவிடுகிறது. பூசும் பொருளின் பெயரோடு பூசும் கருவியின் பெயரும் ஒன்றிவிட்ட அரிய சொல் அது. அலத்தகம் என்பதும் இதுவே. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தன்னை அணிசெய்துகொள்வதை இளங்கோவடிகள் அடி முதல் முடி வரை விரித்துரைக்கும்போது, அலத்தகம் ஊட்டிய அவளுடைய சிற்றடிகளையும் காட்டுகிறார்.

இன்றும் பரதம் ஆடும் பெண்ணின் விரல் நுனிகளும் பாதங்களும் சிவக்கின்றன. பெயர் மட்டும் 'ஆல்தா' என்று ஆகியிருக்கிறது. அலத்தகத்தின் வடமொழி வடிவமாகிய 'அலக்தகம்' என்பதன் திரிபே அது. மாட்டுங்கா கடைகளில் சிறு புட்டியில் விற்கும் அச்சிவப்பு நீரை வாங்கும் தாய், மாதவியின் ஒப்பனைப் பேழையிலிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போகிறாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டும் ஒன்றான கருவி

கோலையும் பஞ்சையும் ஒன்றாக்கித் தொழிற்சாலைப் பொருளாக உலகிற்குத் தந்தவர் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1923ஆம் ஆண்டில் அவர் இதனைத் தொடங்கினார். பின்னர் 'கியூ-டிப்ஸ்' என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. அவருடைய மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைத் துடைப்பதைக் கண்டே இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்லப்படுகிறது. ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிய நம் பாட்டியும் பல்குச்சியில் பஞ்சு சுற்றிய அந்த அம்மையாரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் கையும் ஒரே வேலையைச் செய்தன. வேலை பெண்ணின் கையில் பிறந்தது. பெயரும் தொழிலும் ஆணின் கணக்கில் எழுதப்பட்டன. இதனை இங்குக் குறித்துக்கொள்வோம். மேலே இதன் பொருள் விரியும்.

காதுக்கென்று செய்யப்பட்ட இக்குச்சியைக் காதின் உள்ளே செலுத்தலாகாது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். அழுக்கு வெளிவருவதற்குப் பதிலாக மேலும் உள்ளே தள்ளப்படும். செவிப்பறைக்கும் ஊறு நேரலாம். ஆகவே குச்சிக்குத் தகுந்த இடம் ஒப்பனைப் பேழையே ஆயிற்று. மாட்டுங்கா, சயான் பகுதியில் 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபாவின் அரங்கிலோ, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலோ அரங்கேற்ற நாளில் திரைக்குப் பின்னே சென்று பார்ப்பவர் இதனை உணர்வர். 1945இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் நிறுவப்பட்ட காலந்தொட்டு இந்நகரில் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் சலங்கை கட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கண் எழுதிய ஒரு கை இருந்தது.

அந்தக் கையின் வேலை எளிதன்று. விளக்கின் வெம்மையில் வியர்வை பெருகும். வர்ணம் முடிவதற்குள் கண்மை கீழிமைக்கு இறங்கிவிடும். விரலால் துடைத்தால் கறை கன்னம் வரை பரவும். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு, கலைந்த இடத்தில் மட்டும் உருட்டி எடுத்து, மறுமுனையின் உலர்ந்த பஞ்சால் எண்ணெய்ப் பசையை ஒற்றி, அதன்மேல் சிறிது மாவைத் தட்டிப் பிறகு புதிய கோடு எழுத வேண்டும். எண்ணெய்ப் பசை எஞ்சினால் புதிய மையும் வழிந்துவிடும். ஒருவர் கண்ணில் பட்ட குச்சியை மற்றொருவர் கண்ணுக்கு எடுத்துச் செல்லலாகாது. மைச்சிமிழில் மீண்டும் தோய்க்கவும் ஆகாது. கண்ணோய் பரவ அதுவே வழியாகும். பழைய செம்புக்கோலைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். பஞ்சுக் குச்சியை ஒருமுறை பயன்படுத்தி எறிகிறோம்.

எறிந்தது எங்கே போயிற்று? பெருநகரின் குப்பையிலிருந்து நெகிழியைத் தரம் பிரித்து, நொறுக்கி, உருக்கி, மீண்டும் மூலப்பொருளாக்கும் பட்டறைகள் நிறைந்த தாராவிக்கும் நெகிழித் தண்டுகொண்ட இக்குச்சி பயன்படாதது. அவ்வளவு சிறியதைப் பொறுக்கிப் பிரிப்பது கூலிக்குக் கட்டாது. பஞ்சு வேறு ஒட்டியிருக்கும். அது சாக்கடையிலும் கடலிலும் சென்று சேர்ந்தது. பயன் குறைவாகவும் குப்பையாகும் வாய்ப்பு மிகுதியாகவும் உள்ள நெகிழிப் பொருள்களை இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடைசெய்தபோது, நெகிழித் தண்டுகொண்ட பஞ்சுக் குச்சியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இன்று மூங்கில் தண்டும் காகிதத் தண்டும் அதன் இடத்தைப் பிடித்திருக்கின்றன. ஈர்க்குச்சியில் தொடங்கிய பயணம் மீண்டும் மரத்திடமே வந்து சேர்ந்தது.

இதுகாறும் கண்டது கருவியின் கதை. இனிக் கருவியைப் பிடித்த கையின் கதையைக் காண்போம்.

மேடையும் திரையும்

நாட்டிய நூலார் அபிநயத்தை நான்காகப் பகுப்பர். ஆங்கிகம், வாசிகம், சாத்விகம் என்னும் மூன்றோடு, உடையும் ஒப்பனையுமாகிய ஆஹார்யமும் அவற்றுள் ஒன்று. ஒப்பனை கலைக்குப் புறத்தே நிற்கும் பூச்சன்று, கலையின் ஓர் அங்கமே என்பது அவர்கள் கொள்கை. தெருக்கூத்தில் நடிகர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வது மரபு. அரிதாரம் என்னும் மஞ்சள் கனிமத்தைக் குழைத்துப் பூசியதால், மேடையேறுவதற்கே 'அரிதாரம் பூசுதல்' என்ற வழக்கு நம் மொழியில் நிலைத்தது. அக்கனிமம் ஆர்செனிக் கலந்த நஞ்சு. கலைஞர் தம் தோலைப் பணயம் வைத்தே அரசராகவும் அசுரராகவும் ஆயினர். மேலைநாட்டிலும் ஈயம் கலந்த பூச்சுகளால் நடிகர் துன்புற்றனர். இசை நாடகப் பாடகரான லுட்விக் லைக்னர் 1873இல் பெர்லினில் ஈயமற்ற ஒப்பனைக் களிம்பைச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே அத்துன்பம் குறைந்தது.

மேடையில் ஆண், பெண் என்னும் எல்லையை ஒப்பனை எளிதில் கடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் ஏற்றனர். மராத்தி மேடையில் பால கந்தர்வர் பெண் வேடத்திற்கே புகழ்பெற்றார். 1913 மே 3ஆம் நாள் பம்பாய்க் கிர்காமில் திரையிடப்பட்ட பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் அரசி தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்னும் ஆண். மறுபுறம், 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார் கே. பி. சுந்தராம்பாள். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் ஆக ஒப்பனை இடந்தந்தது. ஆனால் ஒப்பனை செய்து கூலி பெறும் கை மட்டும் ஆணின் கையாகவே இறுகிற்று.

ஒளிப்படக் கருவி வந்ததும் ஒப்பனை தனித் தொழிலாக வளர்ந்தது. ஹாலிவுட்டில் அத்தொழிலை வளர்த்த மாக்ஸ் ஃபாக்டரும் போலந்திலிருந்து குடிபெயர்ந்தவரே. அவருடைய நிறுவனத்தின் 'பான்கேக்' என்னும் பூச்சு நனைத்த பஞ்சணையால் பூசப்படுவது. அது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எவ்வளவு தாராளமாகச் செலவாயிற்று என்பதை, அங்கே பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். அந்நூலில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜெமினியின் ஒப்பனைப் பகுதிக்கு முதலில் ஒரு வங்காளி தலைவராயிருந்தார். அவருக்குப் பின் ஒரு மராத்தியர் வந்தார். அவருக்குத் துணையாகத் தார்வாட் கன்னடர், ஆந்திரர், ஆங்கிலோ பர்மியர், உள்ளூர்த் தமிழர் எனப் பலரும் இருந்தனர். தேசிய ஒருமைப்பாடு என்னும் சொல் மேடைகளில் முழங்குவதற்கு முன்பே ஒரு ஒப்பனை அறையில் அது நடைமுறையில் இருந்தது. சென்னையில் ஒரு மராத்தியரின் கை தமிழ் நடிகரின் முகத்தை எழுதியது. எந்த ஊர்க்காரர் என்று கேட்டு எவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவ்வொருமைப்பாட்டின் பட்டியலிலும் ஒரு பெண்ணின் பெயர் இல்லை.

மூடிய கதவு

பம்பாய்க்கு வருவோம். இந்நாட்டுப் பெண்கள் அயல்நாட்டு ஒப்பனைப் பொருள்களுக்குப் பெரும்பொருள் செலவிட்ட காலத்தில், 1952இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் 'லாக்மே'யைத் தொடங்கிற்று. 1961இல் அதன் பொறுப்பில் வந்து சேர்ந்த சிமோன் டாட்டா அதனை வளர்த்துப் பெரிதாக்கினார். ஒரு பெண் ஒப்பனைத் தொழிற்சாலையை நடத்தினாள்; எண்ணிறந்த பெண்கள் அப்பொருளை வாங்கித் தம் முகத்திற்கு இட்டனர். 1948இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர். கே. ஸ்டூடியோ நம் செம்பூரிலேயே இருந்தது. அந்நிறுவனத்தின் 'சங்கம்' (1964) படத்தில் வைஜயந்திமாலாவும், 'ஜிஸ் தேஷ் மே கங்கா பஹ்தி ஹை' (1960) படத்தில் பத்மினியும் நடித்தனர். தென்னாட்டு முகங்களை இந்நகரம் திரை நிறைய ஏற்றுக் கொண்டாடியது. 2017இல் தீக்கிரையாகி, பின்னர் விற்கப்பட்டு, அந்த ஸ்டூடியோ இன்று நினைவாகிவிட்டது.

தென்னாட்டுப் பெண்ணின் முகத்தை ஏற்ற திரையுலகம், எந்த நாட்டுப் பெண்ணின் கையையும் ஏற்கவில்லை. இந்நகரத்துத் திரைப்பட உடை, ஒப்பனை, கூந்தல் கலைஞர்களின் தொழிற்சங்கம், பெண்களைக் கூந்தல் ஒப்பனையாளராக மட்டுமே உறுப்பினராக்கிற்று. முக ஒப்பனையாளர் அட்டை ஆண்களுக்கே உரியது. அட்டை இல்லாதவர் படப்பிடிப்புத் தளத்தில் வேலை செய்ய இயலாது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் இவ்வழக்கம் நீடித்தது. தன் கண்ணைத் தானே எழுதலாம். தன் மகளின் கண்ணை எழுதலாம். ஆனால் எழுதிக் கூலி பெறலாகாது என்பதே இதன் பொருள். ஆணின் பிழைப்பைக் காப்பதற்காகவே இவ்விதி என்றொரு நியாயமும் சொல்லப்பட்டது. ஒருவருடைய பிழைப்பைக் காக்க மற்றொருவருடைய பிழைப்பை மறுப்பது எவ்வகை அறம் என்று கேட்பார் அரிதாயினர்.

அச்சங்க விதிகளில் மற்றொரு கட்டளையும் இருந்தது. உறுப்பினராக விரும்புவோர் மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டுகள் குடியிருந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். இவ்விடத்தில் நம் நெஞ்சம் சற்றே நின்றுதான் மேற்செல்லும். 1966க்குப் பின் இந்நகரில் 'மண்ணின் மைந்தர்' முழக்கம் எழுந்தபோது, தென்னாட்டார் என்ற ஒரே காரணத்திற்காகப் பலர் அஞ்சி வாழ்ந்ததை மாட்டுங்காவும் தாராவியும் செம்பூரும் மறக்கவில்லை. எழுத்தராகவும் தோல் பதனிடுபவராகவும் ஆலைத் தொழிலாளராகவும் வந்த நம்மவரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியும், ஒப்பனைக் கலைஞரிடம் விதியின் உருவில் கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றே: வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று?

திறந்த கதவு

அயல்நாட்டில் ஒப்பனைக் கலை பயின்று வந்த சாரு குரானா என்னும் பெண்மணியும் அவருடன் சேர்ந்த சிலரும் உறுப்பினராகும் உரிமை மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் உதய் உமேஷ் லலித்தும் 2014 நவம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தனர். பெண் என்பதால் ஒப்பனைக் கலைஞராவதைத் தடுக்கும் விதி, அரசமைப்புச் சட்டம் தந்த சமத்துவத்திற்கும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமைக்கும், வாழ்வுரிமைக்கும் மாறானது என்று கண்டு அதனை நீக்கினர். தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சங்கம், அரசமைப்புக்குப் பொருந்தாத விதியை வைத்துக்கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 5 ஆண்டுக் குடியிருப்பு விதியும் அதனோடு சேர்ந்தே வீழ்ந்தது.

இரண்டு விதிகளும் ஒரே தீர்ப்பில் வீழ்ந்தமை தற்செயலன்று என்று நாம் கருதுகிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வேலை தெரியுமா என்று கேட்பதை விடுத்து, நீ யார் என்று கேட்பதே அந்த வேர். பெண்ணைத் தடுக்கும் விதியைக் கண்டும் காணாதிருப்போர், வந்தேறியைத் தடுக்கும் விதியை மட்டும் எதிர்க்க இயலாது. ஒன்றைப் பொறுத்துக்கொண்டால் மற்றொன்றையும் பொறுத்தே ஆக வேண்டும். கோல் கண்ணருகில் வந்தால் கண் அதைக் காணாது என்று வள்ளுவர் சொன்னது காதலுக்குப் பொருந்தும். வழக்கம் என்னும் கோலும் அவ்வாறே. மிக அருகில் இருப்பதால் அறுபது ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

தீர்ப்பு வந்ததனாலேயே எல்லாம் நேராகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே இடம் தருவது மனம். அம்மனத்தை உருவாக்கும் இடங்களுள் நம் இல்லங்களும் சங்கங்களும் உண்டு. இன்று தாராவியின் சந்துகளிலும் செம்பூரின் கடைத்தெருவிலும் அழகு நிலையம் நடத்தி வீட்டைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்ய விடியலுக்கு முன்னே பெட்டியோடு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பொட்டு வைக்கிற வேலை' என்று அதனை எளிதாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. மாதவியின் பாதத்தையும் நந்தனாரின் நெற்றியையும் எழுதிய கலை அது என்பதை அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

அடுத்த அரங்கேற்றத்திற்கு அழைப்பிதழ் அச்சிடும்போது, நட்டுவனாருக்கும் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் கீழே, கண் எழுதியவர் பெயரையும் ஒரு வரியில் சேர்ப்போமாக.